ஒரு கிளிக்குக்கு 100 ரூபாயா? செத்துப்போன ஸ்லைடு ஃபிலிம் உயிர் பெற்று வந்த கதை

2017 ஜனவரி முதல் வாரம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சிஇஎஸ் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் புதுப்புது கேட்ஜெட்டுகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. அங்கே போய் கோடாக் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புது போன் இல்லை, புது கேமரா இல்லை. 2012-ல் நிறுத்திய 'எக்டாக்ரோம்' என்ற கலர் ஸ்லைடு ஃபிலிமை மறுபடி தயாரிக்கப் போகிறோம் என்பதுதான் அந்த அறிவிப்பு.

பலருக்கும் எழுந்த முதல் கேள்வி, "யாருங்க இதை வாங்குவாங்க?" என்பதுதான். ஆனால் வாங்கினார்கள். 2018 செப்டம்பரில் 'எக்டாக்ரோம் இ100' கடைக்கு வந்தது. இன்றும் விற்கிறது. கையில் இருக்கும் போனில் ஒரு நாளைக்கு ஆயிரம் படம் இலவசமாக எடுக்கலாம் என்ற காலத்தில், 36 படம் மட்டுமே எடுக்க முடிகிற ஒரு ரோலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய ஆள் இருக்கிறது. ஏன்? அதைவிட முக்கியமாக, நிறுத்திய ஒரு ஃபிலிமைத் திரும்பக் கொண்டுவருவது ஏன் அவ்வளவு கஷ்டம்? பார்ப்போம்.

ஸ்லைடு ஃபிலிம் என்றால் என்ன?

90-கள் வரை கேமரா வைத்திருந்த வீடுகளில் நெகட்டிவ் கட்டாயம் இருக்கும். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் துண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அப்பாவின் தலைமுடி வெள்ளையாகவும், சட்டை கறுப்பாகவும், முகம் ஏதோ பேய் மாதிரியும் தெரியும். அதை வைத்து ஸ்டூடியோவில் பிரின்ட் போட்ட பிறகுதான் படம் படமாகும்.

ஸ்லைடு ஃபிலிமில் அந்த இடைப்பட்ட வேலையே கிடையாது. கழுவி முடித்ததும் ஃபிலிமிலேயே படம் நிஜ நிறத்தில் இருக்கும். வானம் நீலம், இலை பச்சை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெட்டி, அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தினால் அதுதான் ஸ்லைடு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். புரொஜெக்டரில் போட்டால் சுவர் முழுக்கப் படம். இதற்கு பாசிட்டிவ், டிரான்ஸ்பரன்சி, ரிவர்சல் ஃபிலிம் என்று வேறு பெயர்களும் உண்டு.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். கேமராவுக்குள் ஓடியதும், லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் பட்டதும், கடைசியில் நீங்கள் கையில் பிடித்துப் பார்ப்பதும் ஒரே ஃபிலிம் துண்டுதான். பிரதி இல்லை. நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, இன்னொரு காப்பி போட்டுக்கொள்ளலாம் என்ற நிம்மதியும் இல்லை. தொலைந்தால் தொலைந்ததுதான். ஸ்லைடு ஆர்வலர்களுக்கு இதில்தான் மயக்கமே.

தலைகீழான ஒரு சமையல்

எதிர்மறையாக வர வேண்டிய படம் எப்படி நேராக வருகிறது? இதுதான் இந்தக் கதையிலேயே சுவாரசியமான பகுதி, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கலர் ஃபிலிமில் மெல்லிய மூன்று அடுக்குகள் முக்கியம். ஒன்று நீல வெளிச்சத்துக்கு, இன்னொன்று பச்சைக்கு, மூன்றாவது சிவப்புக்கு. மூன்றிலும் வெளிச்சம் பட்டால் மாற்றமடையும் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும். கழுவும்போது ஃபிலிம் முதலில் போவது ஒரு கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குள். வெளிச்சம் பட்ட துகள்கள் மட்டும் அங்கே கறுத்து வெள்ளியாகிவிடும். அதாவது, முதலில் உருவாவது ஒரு நெகட்டிவ்தான்.

அடுத்துதான் தந்திரம். வெளிச்சம் படாமல் மிச்சமிருக்கும் துகள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை 'ரிவர்சல் பாத்' என்ற ரசாயனத்தில் போட்டு, வெளிச்சம் பட்டதைப் போலவே மாற்றிவிடுகிறார்கள். பிறகு கலர் டெவலப்பரில் அந்த மிச்சத் துகள்கள் டெவலப் ஆகும்போது, அவற்றைச் சுற்றி வண்ணச் சாயம் உருவாகிறது. நீல அடுக்கில் மஞ்சள் சாயம், பச்சை அடுக்கில் மெஜந்தா, சிவப்பு அடுக்கில் சயான். அதன்பின் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி மொத்தத்தையும் வெளியேற்றிவிடும். ஃபிலிமில் மிஞ்சுவது சாயம் மட்டும்.

ஓர் உதாரணம். சிவப்புச் செம்பருத்திப் பூவைப் படம் எடுக்கிறீர்கள். பூ இருக்கும் இடத்தில் சிவப்பு அடுக்கில் மட்டும் வெளிச்சம் பட்டிருக்கும். அங்கே துகள்கள் முதல் டெவலப்பரிலேயே தீர்ந்துவிட்டதால் சயான் சாயம் உருவாகாது. மற்ற இரண்டு அடுக்குகளில் மஞ்சளும் மெஜந்தாவும் உருவாகும். இரண்டும் சேர்ந்தால் என்ன நிறம்? சிவப்பு. பூ சிவப்பாகவே வந்துவிட்டது!

'இ-6' என்று பெயர் கொண்ட இந்த முறை 1970-களின் நடுவில் வந்தது. முதல் டெவலப்பரின் சூடு 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூடக்குறைய 0.3 டிகிரிதான் அனுமதி. நேரம் 6 நிமிடம். இதில் பிசகினால் மொத்தப் படத்தின் வெளிச்சமும் நிறமும் மாறிவிடும். நெகட்டிவ்வில் இப்படி ஏதாவது ஆனால் பிரின்ட் போடும்போது கொஞ்சம் சரிக்கட்டலாம். இங்கே பிரின்ட் என்ற கட்டமே இல்லையே.

எடுப்பவருக்கும் அதே கதிதான். அதிக வெளிச்சம் பட்ட இடத்தில் சாயமே உருவாகாது என்று பார்த்தோம். அப்படியென்றால் அந்த இடத்தில் ஃபிலிம் கண்ணாடி போல வெறுமையாக இருக்கும். வெள்ளை வேட்டியின் மடிப்பு போயிற்று என்றால் போயிற்று, எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. நெகட்டிவ் ஃபிலிம் 10 ஸ்டாப்புக்கு மேல் வெளிச்ச வித்தியாசத்தைத் தாங்கும். ஸ்லைடு தாங்குவது சுமார் 5, 6 ஸ்டாப். அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் ஸ்லைடில் எடுத்துப் பழகியவர்களுக்கு லைட் மீட்டரைப் பார்க்காமல் கை ஷட்டருக்குப் போகவே போகாது.

நிலவிலிருந்து பார்த்த பூமி

எக்டாக்ரோம் முதன்முதலில் வந்தது 1946-ல். அதற்கு முன்பே, 1935-ல், கோடாக்கின் இன்னொரு புகழ்பெற்ற ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த லியோபோல்ட் கோடவ்ஸ்கி ஜூனியர், லியோபோல்ட் மேன்ஸ் இருவருமே இசைக் கலைஞர்கள். ஒருவர் வயலின், ஒருவர் பியானோ. இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் பிராம்ஸின் சிம்பொனியை சீட்டி அடித்து நேரத்தைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. நம்ம ஊராக இருந்தால் ஆதி தாளம் போட்டிருப்பார்கள்.

1968 டிசம்பர் 24. அப்போலோ 8 விண்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவின் சாம்பல் நிற விளிம்புக்கு மேல் நீல நிறத்தில் பூமி எழும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்த விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ், கலர் ரோலைக் கேட்டு வாங்கி, கேமராவில் மாட்டி, எடுத்த படம்தான் 'எர்த்ரைஸ்'. பள்ளிப் பாடப்புத்தகம் முதல் போன் வால்பேப்பர் வரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ரோல், கோடாக் பிரத்யேகமாகத் தயாரித்துக் கொடுத்த 70 மில்லிமீட்டர் எக்டாக்ரோம்.

பத்திரிகை உலகமும் பல ஆண்டுகள் ஸ்லைடில்தான் ஓடியது. கலர் அச்சுக்கு டிரான்ஸ்பரன்சிதான் வசதி. எடிட்டர் மேஜையில் ஒரு லைட் பாக்ஸ், அதன்மேல் பரப்பிய ஸ்லைடுகள், கண்ணில் ஒரு பூதக்கண்ணாடி. எது அட்டைப்படம் என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்த பச்சைக் கண் 'ஆப்கன் சிறுமி' நினைவிருக்கிறதா? ஸ்டீவ் மெக்கரி அதை எடுத்தது கோடாக்ரோமில்.

அப்புறம் ஏன் செத்தது?

டிஜிட்டல். வேறென்ன. 1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியதே கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான் என்பது இந்தக் கதையின் கசப்பான நகைச்சுவை.

டிஜிட்டல் வந்ததும் முதலில் அடி வாங்கியது ஸ்லைடுதான். காரணம் எளிது. ஸ்லைடை அதிகம் வாங்கியவர்கள் தொழில்முறை புகைப்படக்காரர்களும் பத்திரிகைகளும். அவர்கள்தான் முதலில் டிஜிட்டலுக்கு மாறினார்கள். 80 ஸ்லைடுகளை வட்டத் தட்டில் அடுக்கிச் சுழற்றும் புகழ்பெற்ற கோடாக் 'கரோசல்' புரொஜெக்டர் 1961-ல் வந்தது, 2004-ல் தயாரிப்பு நின்றது. 2009 ஜூனில் கோடாக்ரோமுக்கு முடிவு அறிவிக்கப்பட்டது, 74 வருட ஆயுள். 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த இரண்டே மாதங்களில் எக்டாக்ரோம் நிறுத்தம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசி கோடாக்ரோம் ரோல் யாரிடம் போனது தெரியுமா? அதே ஸ்டீவ் மெக்கரியிடம். 36 படம்தான். நியூயார்க்கில் கொஞ்சம், இந்தியாவில் கொஞ்சம் என்று எடுத்தார். அமிதாப் பச்சனும் ஆமிர் கானும் அந்த ரோலில் இருக்கிறார்கள். ரோலைக் கழுவ அவர் போனது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சின்ன ஊருக்கு. உலகத்திலேயே கோடாக்ரோம் கழுவத் தெரிந்த கடைசி லேப் அங்கேதான் இருந்தது. 2010 டிசம்பர் 30-தான் அந்த லேப் ரோல்களை ஏற்றுக்கொண்ட கடைசி நாள்.

கோடாக்ரோம் வராமல் எக்டாக்ரோம் மட்டும் வந்தது ஏன்?

ஃபிலிம் ரசிகர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. பதில் சாயத்தில் இருக்கிறது.

எக்டாக்ரோமில் சாயத்தை உருவாக்கும் ரசாயனம் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சின்ன லேப்பும் கழுவலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு பாத்ரூமிலும் கழுவலாம். கோடாக்ரோமில் அது ஃபிலிமில் கிடையாது. கழுவும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம், தேர்ந்த ஆட்கள், ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் ரோல்கள், மூன்றும் வேண்டும். ஃபிலிமை மட்டும் தயாரித்துவிட்டால் போதாது, அழிந்துபோன அந்த லேப்பையும் சேர்த்து உருவாக்க வேண்டும். மாவு கிடைத்தாலும் அடுப்பு இல்லை என்கிற நிலை.

எக்டாக்ரோமுக்கு அடுப்பு இருந்தது. ஃபியூஜிஃபிலிமின் வெல்வியா, புரோவியா ஸ்லைடு ஃபிலிம்களும் அதே இ-6 முறையில்தான் கழுவப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தாலும் உலகில் இ-6 லேப்கள் உயிரோடு இருந்தன.

இருந்தும் அறிவிப்பு வந்து ஃபிலிம் கைக்கு வர 20 மாதம் ஆனது. பழைய ஃபார்முலாவை எடுத்து அப்படியே ஓட்டிவிட முடியவில்லை. அதற்கான ரசாயனங்களில் சிலவற்றை யாருமே தயாரிப்பதில்லை என்ற நிலை. மாற்று தேட வேண்டும், மாற்றினால் நிறம் மாறும், நிறம் மாறினால் மறுபடி முதலிலிருந்து சோதனை. போதாததற்கு நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் இருக்கும் கோடாக் ஆலையின் பூச்சு இயந்திரம், உலகமே ஃபிலிம் வாங்கிய காலத்துக்காகக் கட்டப்பட்ட ராட்சசன். ஒரு தடவை ஓட்டினால் பெரிய பெரிய ரோல்களாக ஃபிலிம் வந்து விழும். 'கொஞ்சமாகச் செய்து பார்ப்போம்' என்பதற்கு அங்கே இடமில்லை. வேலையும் முழு இருட்டில். முதலில் 35 மில்லிமீட்டர் ரோல் வந்தது. சூப்பர் 8 சினிமா ஃபிலிமும் 2018-லேயே வந்துவிட்டது. பெரிய கேமராக்களுக்கான 120 ரோலும் ஷீட் ஃபிலிமும் அடுத்த ஆண்டு சேர்ந்தன.

சினிமாக்காரர்களுக்கும் இதில் ஆசை உண்டு. 1999-ல் வந்த 'த்ரீ கிங்ஸ்' படத்தில் ஸ்லைடு ஃபிலிமை வேண்டுமென்றே நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவி, வெந்துபோன மாதிரி ஒரு பாலைவன நிறத்தைக் கொண்டுவந்தார்கள். 2022-ல் வெளிவந்த 'யூஃபோரியா' தொடரின் இரண்டாவது சீசனுக்காக, 35 மில்லிமீட்டர் சினிமா எக்டாக்ரோமை கோடாக் மறுபடி தயாரித்துக் கொடுத்தது. டிக்டாக் தலைமுறை பார்க்கும் தொடருக்கு, தாத்தா காலத்து ஃபிலிம்.

எல்லா முயற்சியும் ஜெயிக்கவில்லை

இத்தாலியின் லிகூரியா பகுதியில் ஃபெரானியா என்ற ஊர். அங்கே பழைய ஃபிலிம் தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடந்தது. அதை உயிர்ப்பித்து கலர் ஸ்லைடு ஃபிலிம் தயாரிக்கிறோம் என்று 2014-ல் 'ஃபிலிம் ஃபெரானியா' என்ற சிறு குழு கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டது. 5,500 பேருக்கு மேல் சேர்ந்து 3 லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். பணம் வந்தது. ஆனால் பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ், குழாய் பிரச்சினை, மின்சாரம் என்று ஒன்று மாற்றி ஒன்று. 2017-ல் அவர்கள் வெளியிட்டது 'பி30' என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். நல்ல ஃபிலிம் என்று பெயரும் வாங்கியது. ஆனால் பணம் கொடுத்தவர்கள் காத்திருந்த ஸ்லைடு ஃபிலிம் வரவில்லை.

அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு தொழிற்சாலையை மூடினால் இயந்திரம் மட்டும் நிற்பதில்லை, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் கலைந்துபோகிறார்கள். நம்ம ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை நினைத்துப் பாருங்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. இன்று அது ஓடவில்லை.

ஃபியூஜி பக்கமும் முழு நிம்மதி இல்லை. 1990-ல் வந்த வெல்வியா, பச்சையையும் சிவப்பையும் கொஞ்சம் தூக்கலாகவே காட்டும், இயற்கைக் காட்சி எடுப்பவர்களின் செல்லம். மூலப்பொருள் கிடைக்கவில்லை என்று 2005-ல் நிறுத்தினார்கள். ரசிகர்கள் விடவில்லை, 2007-ல் 'வெல்வியா 50' ஆகத் திரும்பி வந்தது. பார்க்கப்போனால் எக்டாக்ரோமுக்கு முன்பே நடந்த மறுபிறவி அது. ஆனால் 2021-ல் அதன் சகோதரன் 'வெல்வியா 100' அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலகியது. அதில் மிக மிகச் சிறிய அளவில் இருந்த ஒரு ரசாயனத்துக்கு அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைப்பு தடை விதித்ததுதான் காரணம். மற்ற நாடுகளிலும் ஃபியூஜியின் ஸ்லைடு ஃபிலிம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆக, கலர் ஸ்லைடு ஃபிலிமைப் புதிதாகத் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று ரோசெஸ்டரில், ஒன்று ஜப்பானில். இரண்டில் ஒன்று நின்றால் லேப்களுக்கு வரும் ரோல் குறையும். ரோல் குறைந்தால் லேப் மூடும். லேப் மூடினால் மிச்சமிருக்கும் ஃபிலிமையும் வாங்க ஆள் வராது. கோடாக்ரோம் போனது இப்படித்தான். ரசிகர்கள் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே ரோல் வாங்குவதன் ரகசியமும் இதுதான்: வாங்காவிட்டால் இருக்காது.

நானும் எடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். ரோல், அனுப்பும் செலவு, கழுவும் செலவு எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 36 படம். ஒரு கிளிக் 100 ரூபாய். கண் மூடிய படத்துக்கும் அதே 100 ரூபாய்தான்.

ஃபிலிமைக் கழுவும் லேப் எது என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் ரோல் வாங்குங்கள். இந்தியாவில் இ-6 கழுவுபவர்கள் மிகக் குறைவு. சாதாரண கலர் நெகட்டிவ் கழுவும் இடத்தில் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், 'த்ரீ கிங்ஸ்' நிறம்தான் கிடைக்கும். சில ஆர்வலர்கள் ரசாயன கிட் வாங்கி வீட்டிலேயே கழுவுகிறார்கள். 38 டிகிரியைப் பிடித்து வைக்க, இறைச்சி சமைக்கும் 'சூ வீட்' ஹீட்டரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு வைப்பது அவர்கள் கண்டுபிடித்த வழி.

எக்டாக்ரோம் இ100-ன் ஐஎஸ்ஓ 100 மட்டுமே, அதுவும் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது. கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்தால் எல்லோரும் ஆரஞ்சாகத் தெரிவார்கள். நல்ல வெயில், முதுகுப் பக்கம் சூரியன், கையில் லைட் மீட்டர் என்றால் பிரச்சினை இல்லை. விமானத்தில் போகிறீர்கள் என்றால் கழுவாத ரோலைப் பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்யாதீர்கள். இப்போது கைப்பைக்கும் வந்துவிட்ட சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். எடுத்து, ஸ்கேன் செய்து, இன்ஸ்டாவில் போடுவதுதான் திட்டம் என்றால் ஸ்லைடு தேவையே இல்லை. நெகட்டிவ் மலிவு, தவறுகளையும் மன்னிக்கும். டிஜிட்டல் கேமராவிலேயே 'வெல்வியா', 'புரோவியா' என்ற பெயரில் அந்த நிறங்களை ஃபியூஜி கொடுக்கிறது. ஸ்லைடுக்குச் செலவழித்த காசு வசூலாவது அதை நேரில் பார்க்கும்போதுதான். இருட்டு அறை, ஒரு பழைய புரொஜெக்டர், அந்த 'கடக்' சத்தம். போன் திரையில் இதை விவரிக்க முடியாது.

வீட்டில் பழைய ஸ்லைடு இருக்கிறதா?

வெளிநாட்டில் வேலை பார்த்த தாத்தா, கல்லூரியில் பாடம் எடுத்த பெரியப்பா என்று யாராவது விட்டுப்போன சின்ன மஞ்சள் பெட்டி பரணில் இருக்கலாம். சட்டத்தின் மேல் எந்த ஃபிலிம் என்று அச்சடித்திருக்கும். கோடாக்ரோம் என்றால் இருட்டில் வைத்திருந்தவரை நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் புரொஜெக்டரில் திரும்பத் திரும்பப் போட்டால் சீக்கிரம் மங்கும். 50, 60-களின் எக்டாக்ரோம் என்றால் இருட்டில் இருந்தாலும் சிவந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊர் ஈரப்பதத்தில் இரண்டுக்கும் பொது எதிரி பூஞ்சை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், வெயில் படாத அலமாரி. தண்ணீர் விட்டுத் துடைக்கவே கூடாது.

ஸ்கேனர் இல்லையென்றால் டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே ஸ்லைடைப் பிடித்து, போனில் குளோசப்பாக எடுத்துப் பாருங்கள். திரையோடு ஒட்டி வைத்தால் பிக்சல் புள்ளிகள் தெரியும்.

அந்தப் பெட்டியில் கழுவாத கோடாக்ரோம் ரோல் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து கலர் இனி வராது. ஆனால் கறுப்பு வெள்ளையாகக் கழுவிக் கொடுக்கும் லேப்கள் வெளிநாட்டில் இன்னும் இருக்கின்றன.